அட்டகாமாவிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை

சிலி நாட்டின் வடக்கே, பசிபிக் கடலுக்கும் ஆண்டீஸ் மலைக்கும் நடுவில் அட்டகாமா பாலைவனம் கிடக்கிறது. வருடக்கணக்கில் ஒரு தூறல்கூட விழாத இடங்கள் அங்கே உண்டு. மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கினால், காலிச்சே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் இறுகிய உப்புப் பாறை தட்டுப்படும். நைட்ரேட், சல்பேட், சாதாரண உப்பு எல்லாம் சேர்ந்து கெட்டித்துப்போன அந்தப் பாறையில் டன்னுக்குச் சுமார் 400 கிராம் அயோடின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்கிற ஊராக இருந்தால் என்றைக்கோ கரைந்து ஓடியிருக்கும். பெய்யாததால் தங்கிவிட்டது.

உலகத்துக்குக் கிடைக்கும் அயோடினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இங்கிருந்து கிளம்புகிறது. மீதியில் பெரும்பகுதி ஜப்பானின் சிபா பகுதியில், இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீரிலிருந்து கிடைக்கிறது. தோண்டி எடுக்க இந்தியாவில் அயோடின் இல்லை. கோவில்பட்டியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் சாம்பாரில் அயோடின் இருக்கிறது என்றால், அது கப்பலேறி வந்த சரக்கு.

தூத்துக்குடிக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். கடல் கூப்பிடு தூரத்தில், கண்ணுக்கெட்டிய வரை உப்பளம், இதில் அயோடினுக்குச் சிலிக்குப் போக வேண்டுமா? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள், 60 மைக்ரோகிராம் அயோடின். ஒரு துளியும் வீணாகாமல் அத்தனை அயோடினும் உப்போடு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிலோ உப்பில் 2 மில்லிகிராமைத் தொடாது. வீட்டு உப்பில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். அந்த 2 மில்லிகிராமும் முழுசாக வருவதில்லை. பாத்தியில் உப்பு விளையும்போது அயோடின் படிகத்துக்குள் சேர மாட்டேன் என்று தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. உப்பு வாரியபின் கசப்பு நீரை நஞ்சோடையில் திறந்துவிடும்போது அதுவும் கூடவே போய்விடும். கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை நம் கடற்கரை மாவட்டங்களில் மிக ஆழமானது. இயற்கை அங்காடிகளில் விலை உயர்ந்த உப்புப் பொட்டலங்களின் மேலும் அந்த நம்பிக்கை அச்சாகி வருகிறது.

கடலில் இருக்கும் அயோடினும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. கடற்பாசி அதை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். அலைபரப்பிலிருந்து ஆவியாகிக் காற்றில் ஏறும், மழையோடு மண்ணில் இறங்கும், பயிருக்குள் போகும், பயிரைத் தின்ற மாட்டுக்குள் போகும். ஆனால் மழை கொடுப்பதை மழையே பறித்தும் கொள்ளும். பனியாறு அரித்த இமயமலைச் சரிவிலும், வெள்ளம் வருஷா வருஷம் புரளும் கங்கைச் சமவெளியிலும் மண்ணில் அயோடின் தங்குவதில்லை. அதனால்தான் கழுத்துக் கழலை மலைநாட்டு நோய் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இலங்கை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. அங்கே கழலை அதிகம் காணப்பட்ட இடம் தென்மேற்கு ஈரவலயம். கடலை ஒட்டிய களுத்துறையும் அதில் அடக்கம். கொட்டும் மழை மண்ணைக் கழுவிவிட்டால், கடல் பக்கத்தில் இருந்து என்ன பயன்? இந்தியாவிலும் ஆய்வு நடந்த மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில், சமவெளி, கடற்கரை என்ற பேதமில்லாமல், குறைபாடு தெரிந்தது.

இந்தப் பொருள் மனிதன் கண்ணில் பட்டது 1811இல், பாரிஸில். நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். நல்ல வெடியுப்பு நம் பீகாரில் விளைந்தது, அதுவோ ஆங்கிலேயர் கையில். பெர்னார் கூர்த்துவா என்ற வெடியுப்பு உற்பத்தியாளர் தன் வேலைக்குக் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். பாத்திரங்களைச் சுத்தம் செய்யக் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட, ஊதா நிறத்தில் புகை எழும்பியது. குளிர்ந்த இடத்தில் அது கருத்த, பளபளக்கும் படிகமாக ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அட்டகாமாவிலும் இதே கதைதான். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நைட்ரேட் தேடிப் பாறையை உடைத்தவர்களுக்குக் கூடவே அயோடினும் கிடைத்தது. குழந்தைகளின் மூளைக்கு வேண்டிய ஒரு பொருள் இரண்டு முறையும் துப்பாக்கி மருந்தின் பக்க விளைச்சலாக வந்து சேர்ந்திருக்கிறது. கூர்த்துவாவுக்கு இதில் காசு சேரவில்லை. 1838இல் ஏழையாகவே செத்துப்போனார்.

இன்று அட்டகாமாவில் பாறையை வெட்டிக் குவித்து, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, உப்புகளைக் கரைத்து எடுக்கிறார்கள். கரைசலில் கந்தக டைஆக்சைடைச் செலுத்தி, பல படிகள் தாண்டி, கடைசியில் உருக்கி உறையவைத்தால் கறுப்புச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். அவை பீப்பாய்களில் கப்பலேறுகின்றன. இங்கே வந்ததும் ரசாயன ஆலைகள் அதைப் பொட்டாசியம் அயோடேட் என்ற வெள்ளைத் தூளாக மாற்றுகின்றன. சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் 1920களில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியபோது பயன்பட்டது அயோடைடு. நம் புழுக்கத்துக்கும் ஈரமான கல்லுப்புக்கும் அது தாங்காது, காற்றுப் பட்டால் மெல்ல ஆவியாகிவிடும். அயோடேட் கொஞ்சம் பிடிவாதமானது, சீக்கிரம் கிளம்பாது.

இனி தூத்துக்குடி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசி வாக்கில் பாத்திகளை மிதித்துச் சீர்செய்யத் தொடங்குவார்கள். புரட்டாசி வரை வெயில் இருக்கும் மட்டும் வேலை. கிணற்று உவர்நீரும் கடல்நீரும் பாத்தி பாத்தியாக நகர்ந்து அடர்த்தி ஏறி, போமே என்ற அடர்த்தி அளவையில் 25 டிகிரி வந்ததும் உப்பு படியத் தொடங்கும். வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அம்பாரமாக நிற்கும். நல்ல வெயிலடித்த ஆண்டில் இந்த வட்டாரத்தில் மட்டும் 25 லட்சம் டன் வரை கிடைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் ரசாயன ஆலைக்கு, தோல் பதனிட, ஐஸ் பேக்டரிக்கு, மீன் உப்பிட என்று போவது போக, சாப்பாட்டுக்குப் போக வேண்டிய பங்கு அயோடின் கலக்கும் கூடத்துக்குள் நுழைய வேண்டும்.

ஒரு டன் உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் ஏற்றத் தேவைப்படும் பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த ஒரு கைப்பிடித் தூள் இருபது மூட்டை உப்பில் ஒவ்வொரு பரலிலும் போய் உட்கார வேண்டும். பெரிய ஆலைகளில் உப்பைக் கழுவி, அரைத்து, உலர்த்தி, பட்டையில் ஓடவிட்டு, மேலே வரிசையாக இருக்கும் மூக்குகளிலிருந்து அயோடேட் கரைசலைப் பனிபோலத் தெளிக்கிறார்கள். பட்டையின் வேகமும் கரைசலின் வேகமும் பொருந்த வேண்டும். திருகு உருளை ஒன்று பிறகு அதைப் புரட்டிக் கலக்கிக் கோணி வாய்க்குத் தள்ளும். சின்னக் கூடங்களில் இத்தனை வசதி இருக்காது. உப்பு விழும் சரிவில் ஒரு குழாய், அதில் சில துளைகள், மேலே ஒரு டிரம். டிரம்மில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் வேகமும் குறையும். காலையில் நிறைந்த மூட்டையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருக்கலாம், மதியம் நிறைந்த மூட்டையில் 8 இருக்கலாம். மூளைக்கு எட்டுவதா எட்டாததா என்பது சில நாட்களில் ஒரு குழாய்த் துளையின் அடைப்பைப் பொறுத்தது.

கல்லுப்பில் இன்னொரு தொல்லை. தூளுப்பில் கரைசல் எங்கும் பரவும். கல்லுப்பிலோ பரலின் மேற்பரப்பில் மட்டும் படிகிறது. உப்பு ஈரம் கோத்தால் அந்தப் படிவு கரைந்து கீழே இறங்கும். மூட்டையின் அடிப்பகுதியில் சேர்ந்து, கோணியையும் நனைத்து, லாரியின் தரையில் சொட்டும். கூடத்தில் பரிசோதகர் எடுத்த மாதிரியில் சரியாக இருந்த மூட்டை, ஒரு மழைப் பயணத்துக்குப்பின் மேல்பாதியில் வெறும் உப்பாகக் கடை சேர்ந்திருக்கும். இதற்கு ஆகும் செலவோ கிலோவுக்குப் பைசாக்களில்தான். அந்தப் பைசாவுக்கும் கணக்குப் பார்க்கும் அளவுக்கு உப்பு வியாபாரத்தில் லாபம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2018-19இல் நாடு முழுவதும் வீட்டு உப்பைச் சோதித்த அயோடின் ஆய்வு ஒன்று நடந்தது. போதிய அயோடின் உள்ள உப்பு இந்திய அளவில் 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. ஜம்மு காஷ்மீரிலும் நாகாலாந்திலும் 99 சதவீதத்துக்கு மேல். பட்டியலின் கடைசியில் இருந்தது தமிழ்நாடு, 61.9 சதவீதம். அதற்கு மேலே ஆந்திரம், ராஜஸ்தான், ஒடிசா. தமிழ்நாடு, ஆந்திரம், ராஜஸ்தான் மூன்றும் உப்பு விளையும் மாநிலங்கள், ஒடிசாவிலும் கடலோர உப்பளம் உண்டு. உப்பு விளையாத நாகாலாந்து தலைநிமிர்ந்து நிற்க, குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவிக்கும் வரிசையில் உள்ள நாம் கடைசியில் நிற்கிறோம்.

நான் இதற்குச் சொல்லும் காரணம் வாசல். கோஹிமாவுக்குப் போகும் உப்பு ரயிலேற வேண்டும். ரயிலேற்றும் உப்பைத் தர அதிகாரிகள் பார்ப்பார்கள், சான்று இருந்தால்தான் வேகன் கிடைக்கும் என்ற ஏற்பாடு வெகுநாளாக உண்டு. பல நூறு மைல் போகிற உப்பைச் சில பெரிய வியாபாரிகள்தான் அனுப்ப முடியும், அவர்களைக் கண்காணிப்பதும் எளிது. அளத்திலிருந்து அம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு எந்த வாசலும் கிடையாது. ஒரு மினி லாரி போதும், சில சமயம் ஒரு சைக்கிளும் இரண்டு மூட்டையும் போதும். அளத்தில் வாரும் வேலை செய்கிறவர் வீட்டு அடுப்படிக்கு அள்ளிக்கொண்டு போகும் உப்புக்கு அதுவும் வேண்டாம். சிலியிலிருந்து பத்தாயிரம் மைல் வந்த அயோடின், விளைந்த இடத்திலேயே சாப்பிடப்படும் உப்பை மட்டும் சந்திக்காமல் போகிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது போய்ப் போய் வந்த கதை. கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. உண்ணும் உப்பு முழுவதையும் அயோடின் உப்பாக்கும் முயற்சி 1986 ஏப்ரலில் படிப்படியாக ஆரம்பித்தது. அயோடின் இல்லாத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கக் கூடாது என்ற தடை 1998இல் நாடு முழுவதும் வந்தது, 2000இல் நீக்கப்பட்டது, 2006 மே மாதம் திரும்ப வந்தது. நீக்கியபோது சொன்ன காரணம், எந்த உப்பைத் தின்பது என்பது அவரவர் விருப்பம் என்பது. உப்பின் மேல் அரசாங்கம் கைவைத்தால் நமக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை, 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அதற்காகத்தானே. ஆனாலும் 1998க்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு எந்த விருப்பம் இருந்தது என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. அவள் வீட்டு ஜாடியில் இருந்ததைத்தான் அவள் தின்றாள். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய விதி சட்டத்தின் வரம்புக்கு வெளியே போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னது. சாதாரண உப்பு கெட்ட பொருள் இல்லையே என்பது வாதத்தின் சாரம். ஆனால் மக்கள் நலன் கருதி ஆறு மாதம் அதே நிலை தொடரட்டும் என்றும் சொன்னது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்து தடையைத் தாங்கிக்கொண்டன.

அந்த ஒழுங்குமுறையில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. கால்நடைக்கு, பதப்படுத்த, மருந்து தயாரிக்க, தொழிற்சாலைக்கு என்று முறையாக எழுதி ஒட்டினால் சாதா உப்பை விற்கலாம். வேண்டிய கதவுதான், கருவாடு போடுகிறவருக்கு அயோடின் எதற்கு? ஆனால் அந்தக் கதவு வழியாக வருவது கருவாட்டோடு நிற்பதில்லை.

“அண்ணாச்சி, கல்லுப்பு குடுங்க.”

“எதும்மா, பாக்கெட்டா, சில்லறையா?”

“ஊறுகாய்க்குத்தான். சில்லறையே போடுங்க. பாக்கெட் உப்பு போட்டா கருத்துப் போவுது.”

ஊறுகாய் கருப்பதற்கு இந்த அளவு அயோடின் காரணமில்லை. ஊறுகாய்க்கு வாங்கியது பத்து நாள் ரசத்துக்கும் போகும். சாக்கின் மேல் ‘உண்பதற்கல்ல’ என்று அச்சடித்திருக்கும், சாக்கின் வாய் சுருட்டி மடக்கியிருப்பதால் எழுத்து உள்ளே போயிருக்கும். அண்ணாச்சியையும் குறை சொல்ல முடியாது. கேட்பதைத்தான் கொடுக்கிறார்.

பாக்கெட்டே வாங்கினாலும் வீட்டில் அயோடினுக்கு இன்னும் கண்டங்கள் உண்டு. கல்லுப்பில் மண் இருக்கிறது என்று கழுவி வெயிலில் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். பரலின் மேல் இருந்ததெல்லாம் அந்தக் கழுவலிலேயே போகும். அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஜாடி, அதற்குள் நனைந்த கை. சமையலில் போவது பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

தப்பிப் பிழைத்தது பிள்ளையின் வயிற்றுக்குள் போனதும் வேகம் எடுக்கிறது. அயோடேட் குடலில் அயோடைடாகி ரத்தத்தில் கலக்கிறது. அங்கே அதற்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒன்று கழுத்தில் மூச்சுக்குழலின் முன்னால் இரண்டு மடலாக ஒட்டியிருக்கும் தைராய்டு, மற்றது சிறுநீரகம். தைராய்டின் செல்கள் ரத்தத்தில் இருப்பதைப்போல இருபது, நாற்பது மடங்கு அடர்த்தியாக அயோடைடை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு புரதத்தில் அதைக் கோத்து, நான்கு அயோடின் அணு கொண்ட ஹார்மோனையும் மூன்று கொண்டதையும் செய்து வெளியே அனுப்பும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 120 மைக்ரோகிராம், பெரியவருக்கு 150, கர்ப்பிணிக்கு 250. எழுபது வயது வாழ்கிறவர் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியதைக் கூட்டினால் 4 கிராமுக்கும் குறைவு. ஒரு சின்ன ஸ்பூன் கொள்ளாது. ஆனால் மொத்தமாக முழுங்கி வைக்க முடியாது, அன்றாடம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வரவில்லையென்றால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி தைராய்டை விரட்டத் தொடங்கும். இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சுரப்பி பெருக்கும். அதுதான் கழலை. கண்ணுக்குத் தெரிவது அது. தெரியாமல் போவது வகுப்பறையில் நடக்கிறது. பற்றாக்குறை நாட்பட்ட ஊர்களின் பிள்ளைகளையும் மற்ற ஊர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், அறிவுத்திறன் அளவையில் 12, 13 புள்ளி வித்தியாசம் கண்டார்கள். அதில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே, தாயின் பற்றாக்குறையால் நேர்ந்தது, பள்ளியில் திருத்த முடியாதது. எல்லாமே அப்படியில்லை என்று 2006இல் அல்பேனியாவில் தெரிந்தது. 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு அயோடின் எண்ணெய் மாத்திரை, மறுபாதிக்கு வெறும் மாத்திரை. ஆறு மாதத்துக்குள் அயோடின் பெற்றவர்கள் ஏழு தேர்வுகளில் நான்கில் முந்தினார்கள்.

அயோடினைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதிப்பது நூறு வருட வழக்கம். 1917இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் டேவிட் மரைன் பள்ளி மாணவிகளுக்கு வருடத்தில் இருமுறை சோடியம் அயோடைடு கொடுத்தார். வாங்கிக்கொண்ட 2,190 பேரில் கழலை புதிதாக வந்தது 5 பேருக்கு. வாங்காத 2,305 பேரில் 495. இந்தியாவில் அதற்கிணையானது 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கியது. ஸ்ரீகாகுளத்தில் பிறந்த மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு அயோடைடு உப்பு, ஒன்றுக்கு அயோடேட் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. பத்தில் நான்கு பிள்ளைகளுக்குக் கழலை இருந்த ஊர்கள் அவை. ஐந்தாறு வருடத்தில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கியது, மூன்றாவது பகுதியில் அசையவில்லை. பிறகு அங்கேயும் அயோடேட் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் இறங்கியது. நம் தேசியத் திட்டத்துக்கு அஸ்திவாரம் அந்தப் பள்ளத்தாக்கு. அந்த மூன்றாவது பகுதியின் பிள்ளைகளை இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அத்தனை வருடம் காக்க வைத்திருக்காது என்பதும் உண்மை.

இன்று ஒரு மாவட்டத்தில் கணக்கெடுப்பு என்றால், குழு அஞ்சாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில் வசதியும் உண்டு, நியாயமும் உண்டு. ஒரே இடத்தில் கிடைப்பார்கள், வளரும் வயது, ஊரின் எல்லா அடுப்படியிலிருந்தும் வந்தவர்கள். பெஞ்சில் உட்கார்ந்த மருத்துவர் எதிரில் பிள்ளையை நிறுத்தி, இரண்டு கட்டைவிரலையும் தொண்டையின் இருபுறமும் மெல்ல வைத்து, “எச்சில் முழுங்கு கண்ணு” என்பார். முழுங்கும்போது சுரப்பி விரலுக்கடியில் ஏறி இறங்கும். ஒரு மடல் அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரிதாகப்பட்டால் முதல் நிலைக் கழலை. கழுத்தை நேராக வைத்திருக்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாம் நிலை. நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இருந்தாலே அது அந்த ஊரின் பொதுப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

முந்தின நாள் வீட்டிலிருந்து கொஞ்சம் உப்பு கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். காகிதத்தில், மருந்து டப்பாவில், தினசரித் துண்டில் மடித்து வரும். சென்னையில் தயாராகி வெளிநாடுகளுக்கெல்லாம் போன சோதனைக் கரைசலில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமாகும். பிள்ளைகளுக்கு இது வேடிக்கை, யார் உப்பு அதிகம் நீலம் என்று போட்டி நடக்கும். நீலமாகாத உப்பைக் கொண்டுவந்த பிள்ளையின் முகத்தைக் கவனித்து, அந்தப் போட்டியைச் சீக்கிரம் கலைத்துவிடுவது நல்ல ஆசிரியருக்கு அடையாளம். அந்தச் சொட்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று நம்பகமாகச் சொல்லாது. அதற்குச் சோதனைச் சாலைதான்.

அடுத்து மூடியுள்ள சிறு புட்டி. பையன்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், பெண் பிள்ளைகளில் சிலர் வெட்கப்பட்டு வெறும் புட்டியைத் திருப்பித் தருவார்கள். உடம்புக்குள் போன அயோடினில் பத்தில் ஒன்பது பங்கு கடைசியில் சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. சோதனைச் சாலையில் அமோனியம் பெர்சல்பேட்டோடு சூடாக்கி, பிறகு மஞ்சள் நிற சீரியம் கரைசலையும் ஆர்செனிக் கரைசலையும் சேர்ப்பார்கள். அயோடின் அந்த இரண்டுக்கும் நடுவே நின்று வேலையை முடுக்கிவிடும். மஞ்சள் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதோ அவ்வளவு அயோடின். 1937இல் சாண்டெல், கோல்தாஃப் என்ற இருவர் சொன்ன முறை, இன்றும் அதுதான் பெரும்பாலும்.

ஒரு புட்டியை வைத்து ஒரு பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நேற்று குடித்த தண்ணீர், இன்று தின்ற முட்டை, எல்லாமே அளவை மாற்றும். ஊர்ப் பிள்ளைகளின் அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பார்கள். அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை, 20க்குக் கீழே என்றால் கடுமை, 300 தாண்டினால் மிகை, அதுவும் தைராய்டுக்கு நல்லதல்ல. பிள்ளைகளின் நடு அளவு சரியாக இருப்பதை வைத்து ஊரே சரி என்று கோப்பை மூடுவதில் ஒரு பிசகு உண்டு. அதே ஜாடி உப்பைச் சாப்பிடும் கர்ப்பிணிக்கு வேண்டிய நடு அளவு 150. பிள்ளைக்குப் போதுவது தாய்க்குப் போதாமல் இருக்கலாம்.

மதிய உணவுச் சட்டியில் விழும் உப்பை இந்த மாநிலம் கொஞ்சம் கவனித்துக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைச் சத்துணவு மையங்களுக்கு அனுப்பிவந்திருக்கிறது. பள்ளி நாட்களில் ஒரு வேளை அது. மற்ற வேளைகளும் விடுமுறையும் அண்ணாச்சி கடைச் சாக்கைப் பொறுத்தவை.

இப்போது இன்னொரு திருப்பம் வந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள், நாளுக்கு 5 கிராமுக்குள். சொல்ல வேண்டியதுதான், நாம் அதைவிட அதிகம் தின்கிறோம். அந்த 5 கிராமில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அளவில் அயோடின் இருந்தால் 150 மைக்ரோகிராம், அடுப்பில் ஐந்தில் ஒன்று போனால் மிச்சம் 120, பிள்ளைக்குக் கச்சிதம். 15 அளவில் இருந்தால் மிச்சம் 60. பால், முட்டை, மீன் கொஞ்சம் ஈடுகட்டும், எல்லா வீட்டிலும் அல்ல. அதோடு பிள்ளைகள் தின்னும் உப்பு அடுப்படியை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. முறுக்கு, சிப்ஸ், நூடுல்ஸ், பரோட்டா சால்னா. தின்பண்டக் கம்பெனிக்குப் போகும் மூட்டை, ‘நேரடியாக உண்ணும் உப்பு’ என்ற விதியின் வாசகத்துக்குள் வருகிறதா என்று வாதம் செய்ய இடமிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக் குழு வீட்டு உப்போடு பள்ளி வாசல் பெட்டிக்கடையிலிருந்தும் நாலு பொட்டலம் வாங்கிப் போவது நல்லது.